உங்கள் பேக்கேஜை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

“புதுப் பதிப்பு வெளியாகி மூன்று வாரம் ஆகிவிட்டது. என் கணினியில் இன்னும் பழையதுதான் இருக்கிறது. எப்போது வரும்?”

லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய எவரும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி இது. கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் இதை யாரிடம் கேட்கிறோம், பதில் சொல்ல அவருக்கு என்ன கடமை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பும் அமைவதில்லை. ஒரு கட்டளை தட்டினால் மென்பொருள் வந்து இறங்கிவிடுகிறது. இடையில் மனிதர் யாரும் கண்ணில் படுவதில்லை. அந்த இடைப்பட்ட மனிதரைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஒருவரோ ஒரு குழுவோ எழுதி, மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். இவர்களை ‘அப்ஸ்ட்ரீம்’ என்பார்கள். அவர்கள் வெளியிடுவது பெரும்பாலும் வெறும் நிரல்தான். நேரே உங்கள் கணினியில் நிறுவும் நிலையில் அது இருக்காது. டெபியன், ஃபெடோரா, ஆர்ச் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் (லினக்ஸையும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்புகளில்) இன்னொருவர் அதை எடுத்து, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, கோப்புகளை அந்த வழங்கலின் விதிப்படி உரிய இடங்களில் வைத்து, எந்தெந்த லைப்ரரிகள் (மற்ற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் பொது நிரல் தொகுப்புகள்) கூடவே வேண்டும் என்று குறித்து, ஒரு பேக்கேஜாகக் கட்டித் தருகிறார். இவர்தான் பேக்கேஜ் பராமரிப்பாளர், அதாவது மெயின்டெய்னர். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான என்பிஎம், பைத்தானுக்கான பைபிஐ போன்ற இணையத் தொகுப்பகங்களில் பெரும்பாலும் எழுதுபவரும் இவரும் ஒரே ஆள்.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12-இல் 64,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருந்தன. இதை நடத்துவது ஒரு நிறுவனம் அல்ல. அதிகாரப்பூர்வ டெவலப்பர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர், அவர்களோடு இன்னும் பல பங்களிப்பாளர்கள், அவ்வளவுதான். சிலருக்கு அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனமே இதற்கும் நேரம் ஒதுக்கித் தருகிறது. மற்றவர்கள் வேலை முடிந்து வந்து, மாலையிலோ வார இறுதியிலோ உட்கார்ந்து செய்கிறார்கள்.

ஒரு புதுப் பதிப்பை ஏற்றுவதில் என்ன இருக்கிறது?

பதிப்பு எண்ணை மாற்றி மறுபடி கட்டினால் போதாதா என்று தோன்றும். சில நாள் அப்படியே முடிந்தும்விடும். முடியாத நாட்களில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பயனர்களின் கோபத்தில் பாதி இது தெரியாததால்தான் வருகிறது என்பது என் எண்ணம்.

புது மூல நிரல் வந்ததும் என்ன மாறியிருக்கிறது என்று படிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த கோப்புகளின் உரிமத்தைப் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் உள்ளே வைத்த ஒரேயொரு எழுத்துருவோ படமோ கட்டற்ற உரிமத்தில் இல்லை என்றால் டெபியனின் முதன்மைத் தொகுப்பில் அதற்கு இடமில்லை; அதை நீக்கிவிட்டுத்தான் மேலே போக முடியும். அப்புறம் பராமரிப்பாளர் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கும் ஒட்டுகள், அதாவது மூல நிரலில் அவர் செய்த சிறு மாற்றங்களான பேட்ச்கள். அப்ஸ்ட்ரீம் ஒரு ஃபங்ஷனை வேறு கோப்புக்கு நகர்த்தியிருந்தால் பழைய பேட்ச் பொருந்தாது. அது எதற்காகப் போடப்பட்டது என்று நினைவுபடுத்திக்கொண்டு திரும்ப எழுத வேண்டும்.

புதுப் பதிப்புக்குப் புதிதாக ஒரு லைப்ரரி தேவைப்படலாம். அந்த லைப்ரரி டெபியனில் இல்லையென்றால் முதலில் அதைப் பேக்கேஜாக்க வேண்டும். புதுப் பேக்கேஜ் எதுவானாலும் ஒரு தனி வரிசையில் நின்று, உரிமம் முதலானவற்றை மனிதர் ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே உள்ளே வரும். பார்ப்பவர்களும் தன்னார்வலர்கள். அந்தக் காத்திருப்பு சில நாளில் முடியலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம்.

பிறகு கட்டுமானம். டெபியன் 12 ஒன்பது வகைச் செயலிகளுக்கு (ப்ராசஸர்களுக்கு) வெளியிடப்பட்டது. உங்கள் மடிக்கணினியில் சிக்கலில்லாமல் ஓடும் நிரல், ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எஸ்390எக்ஸ் வகையில் ஒரு சோதனையில் தோற்கும். அங்கே பைட்டுகள் அடுக்கப்படும் வரிசையே வேறு. பராமரிப்பாளர் வீட்டில் மெயின்ஃப்ரேமா இருக்கும்? திட்டம் தந்திருக்கும் தொலைக்கணினியில் நுழைந்து, பழக்கமில்லாத சூழலில் பிழையைத் தேட வேண்டும்.

எடுத்துக்கொண்டது லைப்ரரியாக இருந்து, அதன் இடைமுகம் (மற்ற நிரல்கள் அதை அழைக்கும் முறை) மாறியிருந்தால் வேலை இன்னும் பெருகும். அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். சில கட்டப்படாமல் உடையும். உடைந்தவற்றின் பராமரிப்பாளர்களுக்கு எழுத வேண்டும். அவர்கள் பதில் தரும்வரை பொறுக்க வேண்டும். வெளியீட்டுக் குழுவோடு பேசி இதற்கென்று ஒரு காலத்தை வாங்கிய பிறகுதான் பலசமயம் தொடங்கவே முடியும். எல்லாம் சரியாகி, புதியவை முதலில் வந்துசேரும் ‘அன்ஸ்டேபிள்’ கிளையில் ஏற்றினாலும், சில நாள் அங்கே இருந்து பெரிய பிழை எதுவும் வராத பிறகே ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகரும்.

நீங்கள் ‘ஸ்டேபிள்’, அதாவது அதிகாரப்பூர்வமாக வெளியிடப்பட்ட நிலையான கிளையைப் பயன்படுத்துபவர் என்றால், இவ்வளவுக்கும் பிறகும் அந்தப் பதிப்பு உங்களுக்கு வராது. இதைக் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்டேபிளில் பெரும்பாலும் பதிப்புகளை மாற்றுவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்களையும் முக்கியமான பிழைத்திருத்தங்களையும் மட்டும் எடுத்து, இரண்டு வருடப் பழைய நிரலில் பொருத்தித் தருகிறார்கள். புது நிரலுக்காக எழுதப்பட்ட திருத்தத்தைப் பழைய நிரலில் பொருத்துவது, பதிப்பையே மாற்றுவதைவிடச் சிரமமான வேலை. பதிப்பு எண் பழையதாகத் தெரிகிறதே, பாதுகாப்பு ஓட்டை அப்படியே இருக்கிறதோ என்று புகார் எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் ஓட்டை ஏற்கெனவே அடைபட்டிருக்கும். பேக்கேஜின் மாற்றக் குறிப்பைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

உரிமம் தருவது எதை?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களோடு அடிக்கடி வரும் எம்ஐடி உரிமம் மிகச் சிறியது. ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். முதல் பாதி உங்களுக்கு உரிமைகளை அள்ளித் தருகிறது: பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். இரண்டாம் பாதி, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இந்த மென்பொருள் உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை, இதனால் வரும் இழப்புக்கு எழுதியவர் பொறுப்பல்ல என்கிறது. பரவலாக உள்ள இன்னொரு உரிமமான ஜிபிஎல்லிலும் இதே கருத்து இருக்கிறது. நிரலுக்கான உரிமையை முழுதாகக் கொடுத்துவிட்டு, அதை எழுதியவரின் நேரத்தின் மேல் மட்டும் எந்த உரிமையும் கொடுக்காத ஒப்பந்தம் அது.

டெபியன் இதை இன்னும் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. அதன் அரசியலமைப்பின் 2.1-ஆம் பிரிவு, திட்டத்துக்காக வேலை செய்தே தீர வேண்டும் என்று யாரையும் இந்த அமைப்பு கட்டாயப்படுத்தாது என்கிறது. ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையைக்கூட, விருப்பமில்லையென்றால் அவர் செய்ய வேண்டியதில்லை. அதே பிரிவில் கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: விதிகளுக்கும் முறையாக எடுத்த முடிவுகளுக்கும் எதிராக வேலை செய்யக் கூடாது. உலகெங்கும் எண்ணற்ற சர்வர்கள் இப்படிப்பட்ட ஒரு விதியின் மேல் ஓடுகின்றன என்பது முதலில் கேட்கும்போது நம்பவே முடியாததாக இருக்கும். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

நெருக்கடி எங்கே தொடங்குகிறது?

பயன்படுத்துபவர்கள் எண்ணிக்கை பல மடங்கு பெருகியும், பார்த்துக்கொள்பவர்கள் எண்ணிக்கை அப்படியே நின்றுவிடுகிற இடத்தில். 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கண்டுபிடிக்கப்பட்டபோது உலகம் இதை முதல்முறையாக உணர்ந்தது. இணையத்தின் பெரும்பகுதிக்கு மறையாக்கம் செய்துதந்த அந்தத் திட்டத்துக்கு அதுவரை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. பிழையான நிரல் 2012-இல் வெளியான பதிப்பிலேயே வந்துவிட்டது. இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை. அதற்குப் பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய நிறுவனங்களிடம் பணம் திரட்டி இப்படிப்பட்ட திட்டங்களுக்கு உதவத் தொடங்கியது.

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பரவலாகப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற லைப்ரரியில் ஓர் ஓட்டை வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து 2022 ஜனவரியில், இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற கருவியை 1990-களிலிருந்து பராமரித்துவரும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் தயாரிப்பில் இந்த ஓட்டை இருக்கிறதா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று ஒரு கேள்விப் பட்டியல். 24 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டுமாம். அந்த நிறுவனத்துக்கும் அவருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. கட்டண ஆதரவு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியாகப் பதில் தருகிறேன் என்று அவர் எழுதினார். எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. மின்னஞ்சல் அனுப்பிய ஊழியரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. பணம் கொடுத்து வாங்கியதும் ஓப்பன் சோர்ஸாக எடுத்துக்கொண்டதும் அவர் கையிலிருந்த பட்டியலில் ஒரே மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் பயனரின் அவசரம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதை எக்ஸ்இசட் சம்பவம்போல் வேறெதுவும் காட்டவில்லை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். பல வருடங்களாக அதை முக்கியமாகப் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். 2022-இல், அதுவரை யாருக்கும் தெரியாத சில பெயர்களிலிருந்து அவருக்கு அழுத்தம் வரத் தொடங்கியது. வெளியீடு ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது, பேட்ச்கள் ஏன் கிடப்பில் கிடக்கின்றன, முடியாவிட்டால் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்று கேட்டார்கள். தன்னால் முன்புபோல் கவனிக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள் என்று அவர் பதில் எழுதினார். அந்த நேரத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் முந்தைய ஆண்டிலிருந்தே ஒழுங்காகப் பேட்ச்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். உதவிக்கு ஆள் கிடைத்த நிம்மதியில், மெல்ல மெல்ல ஜியா டானுக்கு இணைப் பராமரிப்பாளர் உரிமை போய்ச் சேர்ந்தது.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தொலைக்கணினிகளுக்குள் நுழைய வழிவிடும் ஒரு கள்ளக் கதவு மறைத்துவைக்கப்பட்டிருந்தது. தொலைக்கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளின் டெவலப்பர் அதைக் கண்டுபிடித்து, மார்ச் 29-ஆம் தேதி வெளியே சொன்னார். அப்போது அது டெபியனின் சோதனைக் கிளைகள்வரை வந்துவிட்டிருந்தது. ஸ்டேபிளுக்குப் போய்ச் சேரவில்லை. பழைய பதிப்பு என்று குறை சொல்லப்படும் அந்த ஸ்டேபிள் இங்கே கோடிக்கணக்கானவர்களைக் காத்தது.

அழுத்தம் கொடுத்த அந்தப் பெயர்களும் அதே சதியைச் சேர்ந்தவை என்றே ஆராய்ந்தவர்கள் பலரும் கருதுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது ஒன்றுதான். அவர்கள் எழுதிய வாசகங்கள் யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. பொறுமையிழந்த பயனர்கள் தினமும் எழுதும் வாசகங்கள்தான் அவை. சதிகாரர் ஒளிந்துகொள்ள நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டத்தைத் தயாராக வைத்திருந்தோம்.

அப்படியானால் எதையும் எதிர்பார்க்கக் கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ‘இலவசமாகக் கிடைப்பதைப் பற்றிப் பேசாதே’ என்று பயனரின் வாயை அடைப்பவர்களும் இந்த உலகத்தில் உண்டு. அது நியாயமில்லை. பிழையைச் சொல்லவும், இது எனக்குத் தேவை என்று கேட்கவும், ஏற்க முடியாத மாற்றத்தை ஏற்க முடியவில்லை என்று சொல்லவும் பயனருக்கு இடம் இருக்க வேண்டும். பிழை அறிக்கை வராத பேக்கேஜ் என்றால் யாரும் பயன்படுத்தவில்லை என்றே பொருள். உள்நோக்கத்தோடு யாருக்கும் கேடு செய்யாமலிருப்பது, பயனரின் தரவை மதிப்பது, முடியாததை முடியாது என்று நேர்மையாகச் சொல்வது ஆகியவற்றைத் தன்னார்வலரிடம் எதிர்பார்க்கலாம். காலக்கெடுவையும் உடனடிப் பதிலையும் எதிர்பார்க்க முடியாது.

காலக்கெடு உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையின் சர்வரை நடத்துபவர் ‘யாருக்காவது நேரம் கிடைக்கும்போது’ என்று காத்திருக்க முடியாது. அவர்களுக்கு வேறு வழி உண்டு. உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலில் ‘மெயின்’ தொகுப்பிலுள்ள பேக்கேஜ்களுக்கு கனோனிக்கல் நிறுவனம் பொறுப்பேற்கிறது. ‘யூனிவர்ஸ்’ தொகுப்பு சமூகத்தின் கையில் இருக்கிறது. நீங்கள் நம்பியிருக்கும் பேக்கேஜ் இந்த இரண்டில் எதில் இருக்கிறது என்று இன்றே பார்த்துவைப்பது நல்லது. டெபியனிலும் பழைய பதிப்புகளுக்கான நீண்டகால ஆதரவுக்கு நிறுவனங்கள் பணம் கொடுத்து ஆட்களை வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பணம் கொடுத்தால் கேள்வி கேட்கும் உரிமையும் கிடைக்கும்.

பணம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா என்றால், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1997-லிருந்து ஜினுபிஜி என்ற மறையாக்கக் கருவியை உருவாக்கிவரும் வெர்னர் கோக் பணமின்றித் தவிக்கிறார் என்று 2015 பிப்ரவரியில் செய்தி வந்தது. உடனே நன்கொடை குவிந்தது. ஃபேஸ்புக்கும், இணையப் பணப்பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்குத் தலா 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் அது செய்தியில் வந்தவருக்குக் கிடைத்தது. எந்தச் செய்தியிலும் வராமல் பதினைந்து சிறு லைப்ரரிகளைக் கட்டித் தந்துகொண்டிருப்பவரை யாரும் தேடிப் போவதில்லை.

பணமில்லாமலும் பயனர் தரக்கூடிய ஒன்று இருக்கிறது. பராமரிப்பாளரின் நேரத்தை மிச்சப்படுத்தும் பிழை அறிக்கை. “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால், எந்தப் பதிப்பு, எந்தச் செயலி, என்ன செய்தீர்கள், என்ன பிழைச்செய்தி வந்தது என்று அவர் திரும்பக் கேட்க வேண்டும். கேட்டவருக்குப் பல நேரம் பதிலே வராது. அந்த விவரங்களை முதல் முறையே எழுதிவிடுங்கள். அதே பிழையை வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் “எனக்கும்” என்ற நாற்பதாவது பதிலை எழுதாமல், அதில் இல்லாத ஒரு தகவலைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். எந்தப் பதிப்புவரை சரியாக ஓடியது என்று கண்டுபிடித்துச் சொன்னால் தேடல் பாதியாகக் குறையும். அவர் தரும் சோதனைப் பேக்கேஜை நிறுவிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று ஒரு வரி எழுதுவது இன்னும் பெரிய உதவி. புதுப் பதிப்பு எப்போது என்று கேட்பதானால் ஒருமுறை, மரியாதையோடு, இந்த வசதிக்காக எனக்குத் தேவைப்படுகிறது என்று காரணத்தோடு கேளுங்கள். பராமரிப்பாளர் எதை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்க அந்தக் காரணம் உதவும்.

கைவிடப்பட்டால்?

மனிதர்களின் வாழ்க்கை மாறும். வேலை மாறும், குழந்தை பிறக்கும், உடம்புக்கு முடியாமல் போகும், ஆர்வமே தீர்ந்துபோகும். பராமரிப்பாளர் விலகுவது துரோகம் அல்ல. சத்தமில்லாமல் மறைந்துபோவதுதான் சிக்கல், ஏனென்றால் பெயர் பட்டியலில் இருக்கும்வரை வேறு யாரும் கைவைக்கத் தயங்குவார்கள். அதனால் ‘இனி என்னால் முடியாது’ என்ற அறிவிப்பை நான் பெரிய பங்களிப்பாகவே மதிக்கிறேன். டெபியனில் இதற்குப் படிநிலைகளே உண்டு. உதவி வேண்டும் என்று கேட்கலாம். வேறொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். அனாதையாகிவிட்டது என்று அறிவித்தும்விடலாம். பதிலே இல்லாத பராமரிப்பாளரின் பேக்கேஜை மீட்க விரும்புபவர் அதை அறிவித்துவிட்டு, குறைந்தது 21 நாள் பொறுத்திருந்து, மறுப்பு வராவிட்டால் ஏற்றுக்கொள்ளும் முறை ஒன்றும் 2018-இல் வந்தது.

ஆளை மாற்றும்போது புதியவரை எப்படி நம்புவது என்பது எக்ஸ்இசட்டுக்குப் பிறகு எல்லோரையும் குடையும் கேள்வி. இதற்குச் சுலபமான விடை இல்லை. ஒருவர் கையில் முழுவதையும் விடாமல் மூன்று நான்கு பேர் கொண்ட குழுவாகப் பார்த்துக்கொள்வது இருப்பதில் நல்ல வழி. அதற்குத்தான் ஆட்கள் போதவில்லை.

நீங்கள் டெபியனோ உபுண்டுவோ பயன்படுத்துபவர் என்றால் ‘ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்’ என்றொரு பேக்கேஜ் இருக்கிறது. அதை நிறுவிவிட்டால், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாக எதையாவது நிறுவும்போது, உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பவற்றில் எவை அனாதையாகக் கிடக்கின்றன, எவற்றுக்கு உதவி கேட்டிருக்கிறார்கள், எந்தப் பிழைகள் புதியவர்கள் எடுத்துச் செய்யத் தக்கவை என்று பட்டியல் காட்டும். அதில் உங்களுக்குப் பழக்கமான பெயர் ஒன்றாவது இருக்கும். அதன் பிழைப் பக்கத்தைத் திறந்து, ஒரு பழைய அறிக்கையை எடுத்து, அந்தப் பிழை இன்றும் உங்கள் கணினியில் வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் கண்டதை அங்கே எழுதுங்கள். தொடங்க அது போதும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.